ஆடும் சிவனா, அடிமுடி காட்டாத சிவனா?

சிவன் கோயிலில் பலரும் நின்று பார்ப்பது நடராசரைத்தான். கருவறைக்குப் பின்சுவர் மாடத்தில் இருக்கும் லிங்கோத்பவரைப் பிரகாரம் சுற்றும் வேகத்தில் தாண்டிவிடுவோம். இரண்டும் ஒரே கடவுள்தான், ஆனால் சொல்லும் முறை நேர் எதிர்.

நடராசர் எதையும் ஒளிப்பதில்லை. வலக்கை உடுக்கை படைப்பு, இடக்கைத் தீ அழிப்பு, இன்னொரு வலக்கை அஞ்சாதே என்கிறது. நான்காவது கை தூக்கிய இடக்காலைச் சுட்டுகிறது, தஞ்சம் அங்கே என்று. காலடியில் முயலகன், அதாவது அறியாமை. மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றிய சோழர் காலச் சிற்பிகள் இவ்வளவையும் ஒரே உருவத்தில் அடக்கினார்கள். விரிந்து பறக்கும் சடையை மட்டும் பாருங்கள், உடல் சுழலும் வேகம் அதிலேயே தெரிந்துவிடும்.

லிங்கோத்பவர் அப்படியில்லை. நெருப்புத் தூண் பிளந்து சிவன் தெரிகிறார், ஆனால் பாதமும் முடியும் தூணுக்குள்ளேயே மறைந்திருக்கும். மேலே அன்னமாகப் பிரம்மன், கீழே மண்ணைக் குடையும் பன்றியாகத் திருமால். தேடியும் எல்லை அகப்படவில்லை. திருவண்ணாமலைத் தலபுராணமும் இதே கதைதான். (முடியைக் கண்டதாகப் பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவுக்குச் சிவபூசையில் இன்றும் பொதுவாக இடமில்லை, பாவம்.)

அழகு என்றால் சரி, நடராசர்தான். ஆனால் கடவுளைக் கல்லில் முழுதாகக் காட்ட முடியாது என்பதைக் கல்லிலேயே செதுக்கிய துணிச்சலுக்காக, என் ஓட்டு லிங்கோத்பவருக்கு.