கஜாவுக்குப் பின் காய்த்த தோப்பின் செக்கெண்ணெய்

பேராவூரணிப் பக்கம் ஒரு குடும்பம் நடத்திவரும் மரச்செக்கிலிருந்து தேங்காயெண்ணெயைக் கூரியரில் வரவழைத்து, சில மாதங்களாகச் சென்னையில் எங்கள் வீட்டுச் சமையலுக்கும் தலைக்கும் பயன்படுத்தி வருகிறோம். என் தந்தைவழி ஊர் அந்த வட்டாரம்தான் என்றாலும், எண்ணெய் தரமாக இல்லாவிட்டால் ஊர்ப்பாசத்துக்காக மட்டும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நன்கு காய்ந்த கொப்பரையைக் கடிக்கும்போது எழும் மணம் இந்த எண்ணெயில் அப்படியே இருக்கிறது. கீரை மசியலை இறக்கும் நேரத்தில் ஒரு கரண்டி பச்சையாக ஊற்றினால் போதும், தாளிப்பே தேவைப்படுவதில்லை. பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை காட்டும் வழக்கம் பல களங்களில் உண்டு. இவர்கள் வெயிலை மட்டுமே நம்பிக் காயவைப்பதாகச் சொல்கிறார்கள், மழைக்காலத்தில் எண்ணெய் தாமதமாக வருவதற்கும் அதையே காரணமாகக் கூறுகிறார்கள். அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், ஊரார் சொல்வதுபோல் புது ஆற்றுத் தண்ணீர், 1930களில் வந்த பிறகு எங்கள் பாட்டனார் தலைமுறை வைத்து வளர்த்த மரங்களும் அவற்றில் அடங்கும். வேரோடு விழாமல் நின்றவற்றிலும் குருத்து திருகிப்போனவை பிறகு பட்டுப்போயின. அகற்ற ஆளும் பணமும் இல்லாமல் கிடந்து மக்கிய தண்டுகளோ காண்டாமிருக வண்டு பெருகுவதற்கு ஏற்ற இடமாயின. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய், அதிலும் 500 ரூபாய் வெட்டி அகற்றுவதற்கான தொகை. நெல் என்றால் அடுத்த போகத்தில் நிமிர்ந்துவிடலாம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

வெளியூரில் இருக்கும் நாங்கள் அப்போது அரிசியும் தார்ப்பாயும் அனுப்பினோம், அந்த உதவி சில வாரங்களுக்குத்தான் கண்டது. மறுநடவு செய்த கன்றுகள் இப்போது காய்க்கும் வேளையில், அந்தக் காய்க்கு நியாயமான விலை கொடுத்து ஆண்டுதோறும் வாங்குவதுதான் பிறந்த மண்ணுக்கு நாம் செய்யக்கூடிய உருப்படியான மரியாதை என்று உறுதியாக நம்புகிறேன். இந்தச் செக்கின் உரிமையாளர்கள் தங்கள் இளந்தோப்புக் காய் இன்னும் போதவில்லை என்பதையும், புயலுக்குத் தப்பிய பக்கத்துத் தோப்புகளின் காயையும் சேர்த்தே ஆட்டுவதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். புயலின் பெயரை விளம்பரமாக்கி அனுதாபத்துக்கு விலை வைக்காத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

திருத்திக்கொள்ள வேண்டியவையும் உள்ளன. புட்டியில் ஆட்டிய தேதி அச்சிடப்படவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். மூடி இறுக்கமாக இல்லாததால் ஒருமுறை பெட்டி முழுவதும் எண்ணெய் கசிந்திருந்தது; தெரிவித்ததும் மறுபுட்டி அனுப்பிவைத்தார்கள். கடையில் கிடைக்கும் பாக்கெட் எண்ணெயைவிட விலை கூடுதல்தான், ஆயினும் மணத்துக்காகக் குறைவாகவே ஊற்றுவதால் மாதச் செலவு பெரிதாக ஏறவில்லை. மார்கழியில் உறைவதைக் கண்டு ஐயப்பட வேண்டாம், ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைவது இயல்பே. வாங்க எண்ணுவோர் புரட்டாசிக்குள் சொல்லிவைப்பது நல்லது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் களத்தில் கொப்பரை காயாது.