தாளாளர் வராத பயிற்சி வகுப்பு

ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி நடத்துகிறது, தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது, பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. எம்.பி.ஏ. துறையின் அலுவலகத்தை ஓட்டுகிறவர்களைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை. சேர்க்கை, கால அட்டவணை, தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்பு முகாம், ஆய்வுக்குழு வந்தால் கோப்பு என எல்லாம் எங்கள் தலையில். அதனால் "மேலாண்மைத் துறை நிர்வாகிகளுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்" என்று, அதுவும் பக்கத்திலேயே செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், மூன்று நாள் பயிற்சி அறிவிப்பு வந்ததும் கல்லூரியை நச்சரித்துப் பணம் கட்ட வைத்தேன். தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு 14,000 ரூபாய். நடத்தியவர்கள் வெளியூர் நிறுவனத்தார். குறைகளும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

கொடுத்த பணத்தில் பாதி முதல் நாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டது. வேலைவாய்ப்புக் கணக்கை எப்படி எழுதுவது என்பது பற்றிய வகுப்பு அது. ஐந்து மாணவர்களின் ஆண்டுச் சம்பளம் 3, 3, 3.5, 4, 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5.1 லட்சம். விளம்பரப் பலகையில் அதைத்தான் போடுவோம். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 3.5 லட்சம். 2016ஆம் ஆண்டு முதல் வெளிவரும் மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். கேட்பது இந்த இடைநிலைச் சம்பளத்தைத்தான். இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகம் இருந்தால், ஒரே ஒரு பையனின் அதிர்ஷ்டத்தைத் துறையின் சாதனையாக விற்கிறோம் என்று பொருள் என்றார் பயிற்றுநர். அறையில் பலரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சேர்க்கை பற்றிய வகுப்பும் உருப்படியானது. விசாரித்துவிட்டுச் சேராமல் போனவர்களைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. சேர்ந்தவர்களிடம்தான் படிவம் நிரப்பச் சொல்கிறோம். அவர்கள் நல்லதாகவே எழுதுவார்கள்.

தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வுக்காக சி.ஓ., பி.ஓ. (பாடத்தின் பயன், படிப்பின் பயன்) அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. எக்செல்லில் வண்ணம் பூசும் வேலையை இங்கே யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பாடத்தில் மாணவர்கள் எதில் தடுக்கினார்கள், அதற்காக அடுத்த பருவத்தில் எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் முன்னேற்றம் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுதிய பக்கம் உங்கள் கோப்பில் எங்கே என்று கேட்டார்கள். கோப்பு நிறைய இருந்தது. அந்தப் பக்கம் ஒருவரிடமும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரு மதியம் முழுவதையும் மூன்று வெளிநாட்டு அங்கீகாரங்கள் தின்றுவிட்டன. 1916இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி.யும் ஐரோப்பிய ஈக்விஸும் கல்லூரி முழுவதையும் பார்க்கும், லண்டனில் இருக்கும் ஆம்பா எம்.பி.ஏ. படிப்பைக் குறிவைத்துப் பார்க்கும். தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் 60 இடங்களை நிரப்பவே திண்டாடுகிற கல்லூரிக்காரர்கள். இதைப் பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

இடம், ஓட்டலாக மாற்றிய பழைய செட்டியார் வீடு. வகுப்பு நடந்த பட்டாலை என்ற கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண்கள். கண்ணுக்கு நிறைவு, காதுக்குக் கொடுமை: மைக்கில் பேசியது உயர்ந்த கூரையில் மோதி ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது. வெயில் ஏறியதும் வளவு என்ற திறந்த முற்றத்திலிருந்து வந்த வெளிச்சத்தில் திரையில் எழுத்தே தெரியவில்லை. சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இட்லிக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி, அரிசி கழுவிய தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி, இரண்டாம் நாள் கவுனி அரிசி. அவ்வளவையும் ஊட்டிவிட்டு உடனே அங்கீகார வகுப்பில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையிலேயே ஒரு பேராசிரியர் குறட்டை விட்டார்.

பெரிய ஓட்டை கடைசி நாள் "அதிகாரப் பகிர்வு" வகுப்பில் தெரிந்தது. துறைத் தலைவர் தம் விருப்பப்படி செலவு செய்வார், விருப்பப் பாடத்தை மாற்றுவார், ஆள் எடுப்பார் என்று வைத்துக்கொண்டே பாடம் நடந்தது. எங்கள் கல்லூரிகளில் சிறப்புரைக்கு வருகிறவரை ரயில் நிலையத்திலிருந்து காரில் அழைத்துவரவும் தாளாளரின் கையெழுத்து வேண்டும். பக்கத்தில் இருந்த இளம் உதவிப் பேராசிரியர், "மேடம், இதையெல்லாம் தாளாளரிடம் யார் போய்ச் சொல்வது?" என்று முணுமுணுத்தார். நான் எழுந்து அதையே கேட்டேன். அது நிறுவனப் பண்பாட்டைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கானாடுகாத்தானில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பதில்! இந்த ஊர்ச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தியது எப்படி? பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து கணக்குப் பழகியவன் அடுத்தாள் என்ற உதவியாளன் ஆனான், பிறகு கடையையே நடத்தும் மேலாள் ஆனான். மேலாளாகக் கப்பல் ஏறுகிறவனுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை, சம்பளம் இவ்வளவு என்று எழுதிய சீட்டு, முதலாளி சார்பில் கடன் கொடுக்கவும் வழக்காடவும் பவர் பத்திரம். ரங்கூனில் இருந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு எழுதிக் கேட்க முடியாதே. பதிலுக்குக் கணக்கு ஒழுங்காக ஊர் வந்து சேர வேண்டும். முதலாளி வரவு, கடன், இருப்பு காட்டும் ஐந்தொகையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அந்த முறையில் என்னைப் போன்ற ஒருத்திக்குப் பெட்டியடியில்கூட இடம் கிடைத்திருக்காது, அது வேறு. ஆனால் எங்கள் கையில் அந்தப் பவர் பத்திரம் இல்லை. அது இல்லாமல் கற்ற நிர்வாகக் கலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடைசி அரை நாளுக்காவது தாளாளர்களைக் கட்டணமில்லாமல் அழையுங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அது நடக்கும்வரை, போகிறவர்கள் தனியாகப் போகவேண்டாம். ஒருங்கிணைப்பாளரும் அலுவலகக் கண்காணிப்பாளரும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் போய்வந்தால் மற்றவருக்குப் பாடம் நடத்துவதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடும்.

நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று: ஜூன் மாதம் சேர்க்கைக் காலம். பாதிப் பேர் வகுப்புக்கு வெளியே முகப்பில் நின்று பெற்றோர்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பருவத் தேர்வு முடிந்து, டான்செட் என்ற எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் பரபரப்பு சூடுபிடிக்காத ஜனவரியில் வையுங்கள். வெளியூர்க்காரர்கள் செட்டிநாடு ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பி டிக்கெட் எடுக்கவேண்டாம், எல்லா ரயிலும் அங்கே நிற்காது. காரைக்குடி சந்திப்பில் இறங்கிப் பஸ் பிடியுங்கள்.