அப்பாவின் ரெக்கார்டுகளைக் கழுவி மூன்று வருஷம்

அப்பா விட்டுப்போன எழுபது சொச்சம் இசைத்தட்டு ரெக்கார்டுகள் மாம்பலம் வீட்டுப் பரணில் கிடந்தன, இறக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பூஞ்சை. கழுவும் மெஷின் விலை, தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் என் டர்ன்டேபிளை விடக் கூடுதல். சரி, வீட்டில் இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

முதல் வருஷம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் நாலு சொட்டு, போர் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். தட்டு பளபளவென்று இருந்தது, ஆனால் ஓடவிட்டால் முன்பைவிட அதிகமாகப் பொரிகிற சத்தம் வந்தது! காரணம் புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பாத்ரூம் குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதே அதே உப்புதான், தண்ணீர் காய்ந்ததும் மயிரிழை அகலப் பள்ளத்துக்குள் தங்கிவிடுகிறது, ஊசி போய் அதில் இடிக்கிறது. அதற்கப்புறம் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடித்தால் ஐந்து லிட்டர் கேன் இருபது தட்டு வரை வருகிறது. சோப்பு எந்த பிராண்டு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அது மிச்சமில்லாமல் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தேய்ப்பதற்கு மென்மையான பெயின்ட் பிரஷ், அதுவும் பள்ளம் ஓடும் திசையில் வட்டமாக மட்டும். நடுவில் இருக்கும் நாலு அங்குல லேபிள் நனைந்தால் சாயம் போகும், அதனால் அதைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா மூடியை இரண்டு பக்கமும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். "சாம்பார் பாத்திரம் தேய்க்கச் சொன்னா இந்தப் பொறுமை வராதே" என்று வீட்டில் சொல்கிறார்கள், நியாயம்தான். காய வைப்பது சாப்பாட்டுத் தட்டு ஸ்டாண்டில், ஃபேன் போடாமல். ஒரு மே மாதம் அவசரப்பட்டு மொட்டை மாடியில் வைத்தேன், அரை மணியில் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

பூஞ்சைக்கு ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு பங்குக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து தடவுகிறேன். இது வினைல் என்கிற பிளாஸ்டிக் தட்டுக்கு மட்டும். கனமாக, கீழே விழுந்தால் உடையும் பழைய 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது) அரக்கில் செய்தது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். இது தெரியாமல் கொரோனா காலத்து ஸ்பிரிட்டை நாகஸ்வரத் தட்டு ஒன்றில் துடைத்தேன், துணியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது அழுக்கு என்று சந்தோஷப்பட்டேன் வேறு. தட்டு போயிற்று. 78க்கு இப்போது லேசான சோப்புத் தண்ணீர், உடனே அலசல், உடனே துடைப்பு, ஊறவைப்பதே இல்லை.

அழுக்கை எடுக்க, மரம் ஒட்டும் பசையை ஊற்றிக் காயவிட்டு உரிக்கும் வித்தையையும் ஒரு தடவை பார்த்தேன். உரிக்கும்போது சுகமாகத்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில் ஒட்டிய துணுக்கை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இனி வேண்டாம்.

கழுவியதைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டை மாட்டுவது போல. உள்ளுறை புதிதாக வாங்குங்கள், அடுக்கும்போது நிற்க வையுங்கள்.

ஊசி தேய்ந்த பிறகும் அப்பா விடாமல் போட்ட நாலைந்து தட்டுகள் எத்தனை கழுவினாலும் சரசரக்கின்றன. பள்ளமே தேய்ந்துவிட்டது, அதற்கு எந்தத் தண்ணீரும் உதவாது. மீதி இன்னும் பன்னிரண்டு இருக்கின்றன, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.