எனாமல் வார்ப்பிரும்பு வாணலி: ஆறு வருடம், இரண்டு சட்டி, ஒரு விரிசல்

2019 தீபாவளித் தள்ளுபடியில் முதல் எனாமல் வாணலியை வாங்கினேன். 26 சென்டிமீட்டர் அகலம், வெளியே சிவப்பு, உள்ளே தயிர் நிறம். இப்போது என் அடுப்பில் இருப்பது இரண்டாவது. முதலாவது பால்கனியில் கற்றாழைத் தொட்டிக்கு அடித்தட்டாகிவிட்டது.

வாங்கியதற்குக் காரணம் புளி. எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் புளிக்குழம்பு வகையறாதான். வெறும் இரும்புச் சட்டியில் வைத்தால் குழம்பு கறுத்து, நாக்கில் ஒரு துருவாடை தங்கும். மண்சட்டியில் ருசிக்குக் குறையில்லை, ஆனால் பாத்திரத்தொட்டிக்குப் போனால் முழுசாகத் திரும்புவதில்லை. கடைக்காரர் "இதுவும் இரும்புதாங்க, ஆனா பழக்க வேண்டியதில்ல" என்றார். இரண்டாவது பாதி உண்மை. முதல் பாதியை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

செய்கிற விதத்தைச் சொன்னால் புரியும். வார்ப்பிரும்பின் மேல் கண்ணாடித்தூள் கலவையைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடுகிறார்கள். தூள் உருகி இரும்போடு தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஆக, குழம்பும் கரண்டியும் தொடுவது கண்ணாடியை. இரும்பு அடியில் இருந்து சூட்டைத் தேக்கி வைக்கிறது, அவ்வளவுதான். இரும்புச்சத்து கிடைக்கும் என்று யாராவது இதை வாங்கினால், அது நடக்காது. இந்தப் பாத்திரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த லெ க்ரூஸே நிறுவனத்தை 1925-இல் பிரான்சில் தொடங்கியவர்கள்கூட ஒரு வார்ப்புக்காரரும் ஒரு எனாமல்காரரும்தான். க்ரூஸே என்றால் மூசை, நம் ஆசாரிகள் தங்கம் உருக்குகிற அதே மூசை. அந்தச் சட்டியின் விலைக்கு என் வீட்டில் ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம் என்பதால் நான் அதன் பக்கம் போகவில்லை.

முதல் சட்டியின் கதை இது. இரும்புத் தோசைக்கல்லில் வளர்ந்த கை எனக்கு. அடுப்பைப் பெரிதாக வைத்து, கல் புகைய ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய் ஊற்றுவேன். எனாமல் வாணலியிலும் அதையே செய்துகொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் பொறுத்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தார்கள். மீன் வறுவல் இரண்டாம் ஈடு முடிந்தபோது அடியில் மசாலா கருகிக் கிடந்தது. மூன்றாம் ஈட்டுக்குச் சட்டென்று கழுவிவிடலாம் என்று கரித்துணியால் பிடித்து நேராகக் குழாயடியில் காட்டினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தண்ணீரின் சீற்றத்தில் அது காதில் விழுந்ததே பெரிய விஷயம். ஆறவைத்துத் துடைத்துப் பார்த்தால், நடுவிலிருந்து சிலந்தி வலை மாதிரி முடிக்கோடுகள். கண்ணாடித் தோல் சட்டெனச் சுருங்கியிருக்கிறது, அடியிலிருந்த இரும்பு இன்னும் சூட்டில் விரிந்தே இருந்திருக்கிறது.

மனசு கேட்காமல் இன்னும் இரண்டு வாரம் அதிலேயே சமைத்தேன். ஒருநாள் வெங்காயம் வதக்கும்போது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு எழும்பி வந்தது. அன்றோடு சரி. உள்பக்கம் பெயர்ந்த எனாமலை வீட்டில் ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. அடுத்த சில்லு யார் சோற்றில் போகும் என்று பார்த்துக்கொண்டே சாப்பிட முடியாது.

இரண்டாவதாக, உள்ளே சொரசொரப்பான கறுப்பு எனாமல் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். இந்த முறை பாத்திரத்தை விட அடுப்பைத்தான் அதிகம் கவனித்தேன். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவது நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான். தீயைக் கூட்டினால் பாத்திரம் சீக்கிரம் சூடாவதில்லை, நடு மட்டும்தான் கொதிக்கும். நடுவில் வெங்காயம் கருகும், ஓரத்தில் பச்சையாக இருக்கும். அதனால் இப்போது எண்ணெயோடு சேர்த்தே சிறு தீயில் வைத்துவிட்டு, நாலைந்து நிமிடம் வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன். காலியாக ஒருபோதும் காய வைப்பதில்லை. ஒரு கடுகைப் போட்டுப் பார்ப்பேன். அது சோம்பலாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வெடித்தால் சூடு சரி. போட்டவுடன் முகத்துக்குத் தெறித்தால் அதிகம். அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால், வழக்கத்தை விடக் கொஞ்சம் முன்னதாகவே அணைக்க வேண்டும். இண்டக்‌ஷனிலும் வைக்கலாம், ஆனால் எடுத்ததும் அதிக வாட்டில் வைக்கக் கூடாது.

இதில் வைக்கிற வத்தக்குழம்புக்காக மற்ற எல்லாக் குறையையும் மன்னித்துவிடுவேன். நல்லெண்ணெயில் சுண்டைக்காய் வறுத்து, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிய முக்கால் மணி நேரம் சிம்மில் விட்டாலும் அடி பிடிக்காது. அகலமான சட்டி என்பதால் நன்றாகச் சுண்டுகிறது. முக்கியமாக, ராத்திரி முழுக்க அந்தச் சட்டியிலேயே கிடக்கலாம். இரும்பிலோ அலுமினியத்திலோ புளியை அப்படி விட முடியாது. மறுநாள் காலையில் அதே சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சட்டியைச் சுற்றி ஆளுக்கொரு உருண்டை. தக்காளித் தொக்கும் அப்படித்தான். மீன் வறுவலுக்குப் பொறுமை வேண்டும். வஞ்சிரத் துண்டை வைத்ததும் திருப்பத் துடித்தால் தோல் சட்டியோடு போய்விடும். மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விட்டால் அதுவே விட்டுக்கொடுக்கும்.

தோசை? வேண்டாம். பழக்கின இரும்புக் கல்லில் எண்ணெய் படிந்து படிந்து உண்டாகிற வழுக்கல் இதில் வராது. ஆறு வருடத்தில் ஒழுங்காக வந்த தோசைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சூட்டுக்கு அடுத்த எதிரி கரண்டி. குழம்பைக் கிளறிவிட்டு, ஒட்டியது விழட்டும் என்று விளிம்பில் 'டங் டங்' என்று தட்டுவோமே, அதுதான். என் அத்தைக்கு அது அறுபது வருடப் பழக்கம். சொல்லவும் சங்கடம், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. வந்த மூன்றாம் நாளே விளிம்பில் மிளகளவு பெயர்ந்தது. காரைக்குடி பழைய பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் எனாமல் தூக்குகளைப் பாருங்கள், பெரும்பாலும் விளிம்பில்தான் கறுப்புப் பொட்டு இருக்கும். விளிம்பில் பெயர்ந்தால் உணவுக்கு ஆபத்தில்லை, துருதான் பிடிக்கும். கழுவித் துடைத்ததும் விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு அந்த இடத்தில் தடவிவிடுகிறேன். அப்புறம் எவர்சில்வர் கரண்டிகளை இந்தச் சட்டிப் பக்கமே விடாமல், கொட்டாங்கச்சி அகப்பை ஒன்று வாங்கி வைத்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதத்தான நாங்க அந்தக் காலத்துல வச்சிருந்தோம், நீங்கதான் தூக்கிப் போட்டீங்க" என்றார். இப்போது அவர் அகப்பையால் தட்டுகிறார். தட்டட்டும்.

கழுவுவது சுலபம், கழுவ வைப்பதுதான் கஷ்டம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் கையில் கம்பி நார் இல்லாமல் இருக்காது. மெத்தென்ற ஸ்பான்ஞ்சும் சோப்பும் போதும். அடி பிடித்தால், ஆறின பிறகு தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் மர அகப்பை பட்டாலே உரிந்து வந்துவிடும். பழைய தயிர்நிறச் சட்டியில் மஞ்சள் கறை ஒரு தலைவலியாக இருந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகாததை மொட்டைமாடி வெயில் போக்கியது. மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது, புடவைக் கறைக்கும் அதே வைத்தியம்தான். கறுப்பு எனாமலில் மஞ்சள் தெரியாது, பதிலாக எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிகிறது. கழுவியதும் துணியால் துடைத்துவிட்டால் அதுவும் இல்லை.

கனத்தை மறைத்துப் பேசக்கூடாது. வீட்டுத் தராசில் 2.7 கிலோ, குழம்போடு தூக்கினால் நாலு கிலோவைத் தாண்டும். கைப்பிடியும் ஒரே வார்ப்பு, அதனால் அதுவும் கொதிக்கும். கரித்துணி இல்லாமல் தொட்ட தழும்பு என் உள்ளங்கையில் இருக்கிறது. தேய்க்கும் அக்கா ஒருநாள் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் தனியா சம்பளம் போட்டுக் குடும்மா" என்றார். அன்றிலிருந்து இதை நானே கழுவிக்கொள்கிறேன். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் 20 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் அடுத்து வாங்கினால் 24-தான், எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் காதும் மூடியும் உள்ளதாக.