கிளைடர் இறக்கை: பால்சாவா, தெர்மோகோலா?
இறக்கை விரிப்பு இரண்டு மீட்டர் உள்ள, ரிமோட்டில் பறக்கும் எலெக்ட்ரிக் மாடல் கிளைடரை வரைபடம் பார்த்துக் கட்டுகிறவருக்கு உடல் பகுதி பெரிய தலைவலி இல்லை. மோட்டார், மடங்கும் புரொப்பெல்லர், லிப்போ பேட்டரி, சுக்கான்களை அசைக்கும் சர்வோக்கள், அவ்வளவுதான். யோசிக்க வேண்டியது இறக்கையை எதில் செய்வது என்றுதான்.

பால்சா என்ற லேசான மரம் என்றால், அச்சிட்ட வரைபடத்தை முதலில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரின்டர் சொல்லாமல் கொள்ளாமல் சுருக்கியிருக்கும். அதன்மேல் பாலித்தீன் தாள் விரித்து, குண்டூசி குத்தி, ரிப்களை (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத் துண்டுகள்) ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். இறக்கையின் நீளவாக்கில் ஓடித் தாங்கும் கட்டைகளான மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே ஒட்டும் துண்டுகளில் மரத்தின் நார் செங்குத்தாக இருக்கட்டும். கிடையாக ஒட்டினால், டைவ் அடித்து நிமிர்த்தும்போது இறக்கை மடங்கிவிடலாம். கடைசியில் மேலே போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிமை இஸ்திரி போட்டுச் சுருக்கும்போது நுனியை லேசாக முறுக்கிப் பின்விளிம்பை உயர்த்தினால், மெதுவாக வட்டமடிக்கையில் நுனி முதலில் ஸ்டால் ஆகாது, அதாவது தூக்குவிசையை இழக்காது. இந்த ஒரு வசதிக்காகவே என் ஓட்டு பால்சாவுக்கு.

தெர்மோகோலில் வேலை சீக்கிரம் முடியும். இரு முனையிலும் பிளைவுட் அச்சு, அறுக்கச் சூடான நிக்ரோம் கம்பி, மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் போதும். ரிப்களுக்கு நடுவே ஃபிலிம் தொய்வது போன்ற பிரச்சினையும் இல்லை. ஆனால் சாதாரண சூப்பர் க்ளூ பட்டால் கரைந்துவிடும், எபாக்ஸி போன்ற பசை வேண்டும். அப்புறம், கார்பன் ஸ்பாரும் மேல்தோலும் சேர்ந்தால் எடை ஏறும். மலைச்சரிவின் பலத்த காற்றில் அது நல்லதே. மெல்லிய தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றில்) சிரமம்.