தண்ணீர் ஊற்றலாம் என்று சொல்லி விற்ற 'பித்தளை' உருளி

பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே வாட்ஸப்பில் அலங்காரப் பொருள் விற்கும் ஒருவரிடம் 'ஆன்டிக் பித்தளை ஃபினிஷ்' செராமிக் உருளி ஒன்றும் அகல் விளக்கு இரண்டும் வாங்கினேன். மகள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு வரவேற்பறையில் பூ மிதக்கவிடத்தான். 3,200 ரூபாய். முழுப் பணத்தையும் முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். நவராத்திரிக்குக் கொலு வைக்கிறவர்கள் இதே மாதிரிப் பொருள்களைத் தேடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றலாமா என்று வாங்கும்போதே கேட்டேன். "தாராளமா ஊத்துங்கக்கா, சூளையில வச்சு சுட்ட பெயிண்ட், ஒண்ணும் செய்யாது" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

காலையில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் போட்டோம். மத்தியானப் பந்தி முடிவதற்குள் உருளியின் வெளிப்பக்கம் வியர்க்க ஆரம்பித்தது. சாயங்காலம் பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்புளித்து, விரல் பட்ட இடமெல்லாம் உரிந்து வந்தது. டீப்பாயில் வட்டமாக ஊறல். அகலில் ஊற்றிய நல்லெண்ணெய் அடிவழியாகக் கசிந்துவிட்டது. திரி இருந்த மூக்குப் பக்கம் பூச்சு கருகி பிளாஸ்டிக் எரிகிற வாடை. சம்பந்தி வீட்டார் மரியாதைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்யும் தெரிந்த அண்ணாச்சியிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். பூச்சு உரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு நல்ல மண்ணுதாம்மா, சூளை கண்டதுதான். மேல பூசினதுதான் சூளையவே பாக்கல" என்றார்.

விஷயம் அதுதான். ஒருமுறை சுட்டு, கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும் பூச்சு) ஏற்றாமல் விட்ட பாண்டம் இது, பிஸ்க் என்பார்கள். ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சுட்டிருந்தாலும் உடம்பெல்லாம் நுண்துளை, தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய ஈரம் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். மேலே இருப்பது சாதாரண அக்ரிலிக் பெயிண்ட். அதைச் சூளையில் வைத்தால் அதிலுள்ள பிசின் எரிந்தே போய்விடும். 'சுட்ட அக்ரிலிக்' என்று ஒன்று இருக்கவே முடியாது. சூளையில் நிலைக்கும் உலோகப் பளபளப்பு வேறு சரக்கு. கிளேஸ் ஏற்றிச் சுட்ட பாண்டத்தின்மேல் லஸ்டர் என்னும் உலோகப் பூச்சைப் பூசி, மறுபடியும் ஏறத்தாழ 700 டிகிரியில் சுட வேண்டும். அது இந்த விலைக்குக் கிடைக்காது.

கைவேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் ஈரமே இல்லாத பிரஷ்ஷால் பித்தளை நிறத்தை மேடான இடங்களில் மட்டும் தேய்த்திருக்கிறார்கள். அப்புறம் நீர்த்த அடர் பழுப்பைப் பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் அழுக்கு மாதிரி தங்கும், பாட்டி காலத்துப் பாத்திரம் போலவே தெரியும். அழகான வேலை. ஷோகேஸில் வைக்கும் பொம்மைக்கு இது போதும், மேலே வார்னிஷ் அடித்திருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். அந்த வார்னிஷைக்கூட நம்பி உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது, சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது, விளக்கும் ஏற்றக் கூடாது. பொம்மைக்கு உரிய பூச்சை உருளிக்கும் விளக்குக்கும் அடித்து, சூளைப் பெயிண்ட் என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ரொம்ப நேரம் தண்ணி வச்சிருப்பீங்க" என்றார். மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்பினேன். "கைவேலைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு வரி, அத்தோடு பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

வாங்கப்போகிறவர்கள் உள்பக்கம் கிளேஸ் ஏற்றியதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் நேரில் போய்க் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், சொட்டு உடனே உள்ளே போனால் அது உறிஞ்சும் பாண்டம். நகம் பட்டு வெள்ளைப் பொடி உதிர்ந்தால் செராமிக்கே இல்லை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாக இருக்கலாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் உள்ளே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அகல் என்றால் விளக்கேற்றாமல் கொலுப்படியில் சும்மா வைத்துவிடுங்கள்.