4,200 ரூபாய் கொடுத்துக் குறுகுறுப்பு வாங்கினேன்

கை இன்னும் ஆடுகிறது. பொடியாலா கோபத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. இரவு மணி ஒன்றரை. காலையில் எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் ஜிம்முக்குக் கீழேயே ஒரு சப்ளிமெண்ட் கடை. கோவையில் இந்த மாதிரிக் கடைகள் நிறைய, பெயர் வேண்டாம். மூன்று மாதமாக என் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு எடை தூக்குவது) 60 கிலோ, ஆறு ரெப்ஸ், அதாவது ஒரே மூச்சில் ஆறு தடவை, என்று நின்றுவிட்டது. ஜிம் மாஸ்டரிடம் புலம்பினேன். "தம்பி, சாப்பாடு மட்டும் பத்தாது, ப்ரீ-ஒர்க்அவுட் போடு" என்று கீழே கூட்டிப் போனார். உடற்பயிற்சிக்கு முன்னால் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி அது. கடைக்காரர் காசு வாங்காமல் ஒரு ஸ்கூப் கலக்கிக் கொடுத்தார். அங்கேதான் விழுந்தேன். கால் மணி நேரத்தில் காது மடல், கழுத்து, விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்வது போல் குறுகுறுத்தது. "பாத்தியா, ரத்தம் ஓடுது. சரக்கு ஒரிஜினல்" என்றார் மாஸ்டர். அன்றைக்கு எட்டு ரெப்ஸ் போட்டேன். இறங்கி வந்து ஜிபேயில் 4,200 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதையும் மடித்துப் பர்ஸில் வைத்தேன், மடையன்.

அந்தக் குறுகுறுப்பு, பொடியில் இருக்கும் பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலத்தின் வேலை. தோலில் இருக்கும் நரம்பு முனைகளைச் சீண்டும், அவ்வளவுதான். அதைப் பல வாரம் தினமும் எடுத்தால்தான் தசையில் அதன் பலன் சேரும். சேர்ந்தாலும் ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீளும் கடும் முயற்சிக்குத்தான் ஓரளவு கைகொடுக்கும். என் ஆறு ரெப்ஸ் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்! அன்று கூடிய இரண்டு ரெப்ஸ், பொடியில் இருக்கும் காபின் (காபியில் இருப்பதேதான்) உபயம், கொஞ்சம் உற்சாகமும். காபின் வேலை செய்யும், மறுக்கவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும். 68 கிலோ இருக்கும் எனக்கு 200 வரும். இரண்டு டம்ளர் திக்கான காபியில் ஏறக்குறைய அது இருக்கிறது. பொடியில் இருக்கும் இன்னொரு பொருளான கிரியேட்டினும் பலம் தரும், ஆனால் தினமும் 3 முதல் 5 கிராம் எடுக்க வேண்டும், ஜிம்முக்கு முன்னால்தான் என்று இல்லை.

இந்த டப்பாவில் ஸ்கூப் 9 கிராம். உள்ளே சிட்ருலின் (ரத்த ஓட்டத்துக்கென்று சேர்ப்பது), கிரியேட்டின், பீட்டா-அலனின், காபின் எல்லாம் 'கலவை' என்று ஒரே வரியில். எது எவ்வளவு என்று கிடையாது. சிட்ருலின் மாலேட் 6 கிராமாவது வேண்டும், கிரியேட்டின் 3, பீட்டா-அலனின் 3. இதுவே 12 ஆகிவிட்டது. 9 கிராமில் எதைக் குறைத்திருப்பான்? நிச்சயம் காபினை இல்லை, என் தூக்கத்தைக் கேளுங்கள்.

பத்து நாளில் ரெப்ஸ் பழையபடி ஆறு. பொடியும் கட்டி கட்டியாக இருந்தது. போய்க் கேட்டால் "மழைக்காலம் ப்ரோ, ஈரம்" என்றார் கடைக்காரர். நேற்று மறுபடி போனேன், "உங்க பாடிக்கு செட் ஆகல, இன்னும் ரெண்டு வாரம் பாருங்க." இன்று சாயங்காலம் டப்பாவின் அடியில் இருந்த தேதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். உள்ளே இன்னொரு தேதி, முடிந்து எட்டு மாதம் ஆகிறது. போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது. எங்ககிட்ட வாங்கினதுன்னு பில் இருக்கா?" என்கிறார். எஸ்டிமேட்டை நீட்டினேன். சிரித்தார். 4,200 ரூபாய்க்குச் சிரிப்பு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அளவைத் தனித்தனியாகப் போடாத டப்பாவைத் தொடாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்க வேண்டும். ஸ்டிக்கரைக் கடையிலேயே சுரண்டுங்கள். ஜிஎஸ்டி பில் வாங்காமல் நகராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, விடிந்ததும் கூப்பிடப் போகிறேன்.

பத்து மணிக்கு மாஸ்டரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கிறது: "தம்பி, நாளைக்கு செஸ்ட், சீக்கிரம் வா." 4,200 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.